ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் சரிந்த பிள்ளைக்கு எது தகும்: விடுதிப் பள்ளியா, டியூஷனா, வீட்டுப் படிப்பா?

கடந்த தை மாதத்தில், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு நாளின் பொழுது சாயும் வேளையில், கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகே எங்கள் தோட்டத்தை ஒட்டியிருக்கும் தோட்டக்காரர் தம் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வந்தார். பையன் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எட்டாம் வகுப்பு வரை நடுத்தரமாகப் படித்து வந்தவன் அரையாண்டுத் தேர்வில் 500க்கு 214 வாங்கியிருந்தான், கணிதத்தில் 31. "இவனை நாமக்கல் பக்கம் கொண்டுபோய் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல விட்டறலாமுங்களா சார்? செலவானாலும் பரவாயில்லீங்க" என்று அவர் கேட்டார். பையன் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்தபடி நின்றான்.

ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும், எந்த வழி நல்லது என்று பேசத் தொடங்குவதற்கு முன் நான் மதிப்பெண் அட்டையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். அட்டை, மதிப்பெண் போயிற்று என்பதை மட்டுமே சொல்லும். எங்கே போயிற்று என்பதை விடைத்தாள்தான் சொல்லும்.

மறுநாள் அந்தப் பையனின் கணித விடைத்தாளை நானும் அவனுமாக எடுத்துவைத்து எண்ணினோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அமைப்பிலேயே வந்த தாள் அது: 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், பத்து இரண்டு மதிப்பெண், பத்து ஐந்து மதிப்பெண், இரண்டு எட்டு மதிப்பெண், ஆக 100. ஒரு மதிப்பெண்ணில் 8 பெற்றிருந்தான். இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து வினாக்கள் எழுதி 9 பெற்றிருந்தான். ஐந்து மதிப்பெண்ணில் மூன்றை மட்டும் தொட்டு 9 பெற்றிருந்தான். எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் வரைபடத்துக்கு 5. வரைபடத்தாளில் வரைய வேண்டிய மற்றொன்றைத் தொடவே இல்லை. இழந்த 69 மதிப்பெண்ணில் 35 மதிப்பெண், அவன் எழுத முயலாத ஏழு ஐந்து மதிப்பெண் வினாக்களில் மட்டும் போயிருந்தது. அந்த ஏழையும் புரட்டிப் பார்த்தபோது, ஐந்து வினாக்கள் ஒரே இடத்தில் வந்து முட்டி நின்றன: குறை எண்களைக் கூட்டிக் கழிப்பதும், ஏழு எட்டாம் வகுப்புகளில் படித்திருக்க வேண்டிய இயற்கணித முற்றொருமைகளும் அவனுக்குக் கைவசம் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "படிப்பில் நாட்டமில்லை" என்று அப்பா சொன்ன பையனுக்கு உண்மையில் இருந்த குறை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன இரண்டு பாடங்கள். வகுப்பில் நடப்பது புரியாதபோது எந்தப் பிள்ளைக்கும் புத்தகத்தைத் திறக்க மனம் வராது. நாட்டம் போனதால் மதிப்பெண் குறைந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரையில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் புரியாமை முதலில் வந்தது, நாட்டம் அதன் பிறகே போனது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த வழி இந்தப் பையனை ஏழாம் வகுப்புக் குறை எண்களுக்குத் திரும்ப அழைத்துப் போகுமா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

விடுதிப் பள்ளி

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் பற்றிக் கொங்கு நாட்டில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் பெயர்பெற்ற அந்தப் பகுதி, ஒரு காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாநில முதலிடங்களுக்கும் மருத்துவ இடங்களுக்கும் பெயர்பெற்றிருந்தது. அந்தப் பெயர் எந்தச் சூழலில் உண்டானது என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். அப்போது மருத்துவச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே நடந்தது. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுத வைத்தன. 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதே ஆண்டில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒதுக்கப்படுவதைத் தடுக்கவே 2017-18இல் அதற்குப் பொதுத்தேர்வு வந்தது. அந்தப் பொதுத்தேர்வும் மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. பழைய பெயரை நம்பிப் பணம் கட்டுபவர்கள், அந்தப் பெயரை உண்டாக்கிய ஏற்பாடு இன்று இல்லை என்பதை அறிந்து கட்ட வேண்டும்.

இருந்தாலும் விடுதிப் பள்ளியிடம் உண்மையான பலம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அது தினத் தேர்வு. காலையில் படித்ததை மாலையில் புத்தகம் பாராமல் எழுத வைப்பது, பார்ப்பதற்கு வெறும் கெடுபிடியாகத் தோன்றினாலும், நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கும் முறை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். விடுதிப் பள்ளிகள் இந்த ஆய்வைப் படித்துவிட்டுத் தினத் தேர்வு வைக்கவில்லை என்றாலும், பலன் அதே வழியில்தான் வருகிறது. கைப்பேசி கையில் இல்லாததும், எல்லோரும் படிக்கும் நேரத்தில் தானும் உட்கார்ந்தாக வேண்டியிருப்பதும் கூடுதல் உதவி.

இதற்குக் கொடுக்கும் விலை கட்டணத்தோடு முடிவதில்லை. கட்டணமே விடுதியும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைப் பல இடங்களில் தாண்டிவிடுகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ தனியார் பள்ளிக்கு மாற்றும்போது வேறு சிலவும் கைவிட்டுப் போகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய, ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் இதே போல் பள்ளியைப் பார்த்தே வருகின்றன. தமிழ்வழியிலேயே முழுக்கப் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் இருக்கும் 20 விழுக்காடு முன்னுரிமையும், பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றும் நாளில் போய்விடுகிறது. தோட்டக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்; ஒரு பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு இவ்வளவு தொடர்பு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு விலையை நான் என் வீட்டிலேயே கண்டேன். என் மூத்த மகனை அவனுடைய விருப்பத்தைக் கேளாமல், பத்தாம் வகுப்புக்கு ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் சொன்னதைச் செய்தார்கள், மதிப்பெண்ணும் வந்தது. மூன்று ஆண்டுகள் அதிகாலை மணிக்கு எழுந்து, மணிக்குச் சாப்பிட்டு, மணிக்குப் படித்த பையன், பொறியியல் கல்லூரியில் மணி அடிக்க ஆளில்லாத அறையில் என்ன செய்வது என்று தெரியாமல் முதல் ஆண்டிலேயே நான்கு தாள்களில் அரியர் வைத்தான். "எப்பப் படிக்கோணும்னு யாராச்சும் சொன்னாத்தானப்பா எனக்குப் படிக்க வருது" என்று அவன் சொன்ன சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது. மனத்தின் ஊக்கத்தைப் பற்றி ஆராய்ந்த டெசி, ரயன் என்னும் இருவர், தானே முடிவு செய்கிறோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மை மதிப்பவர்களோடு இருக்கிறோம் என்ற உணர்வு ஆகிய மூன்றிலிருந்தும்தான் நீடிக்கும் ஊக்கம் பிறக்கிறது என்கிறார்கள். விடுதிப் பள்ளி இரண்டாவதைத் தரக்கூடும். முதலாவதை, கணிதம் சொல்லிக்கொடுத்த நானே என் மகனிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அப்படியானால் விடுதி யாருக்குத் தகும்? வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லாத பிள்ளைக்குத் தகும். பல்லடம், சோமனூர், குமாரபாளையம் பக்கங்களில் தறிப்பட்டறைக்குள்ளேயே குடியிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன்; இரவும் பகலும் தறிச் சத்தம், அப்பா ஒரு ஷிப்டு, அம்மா ஒரு ஷிப்டு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு விடுதி பெரிய விடுதலை. ஆனால் அதற்கும் முதலில் பார்க்க வேண்டியது அரசு விடுதிகளை. ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகள், 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டவை, பெரும்பாலான வட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன. அங்கே தங்கி அரசுப் பள்ளியிலேயே படிக்கலாம், மேலே சொன்ன உரிமை எதுவும் போகாது. என்னிடம் படித்த ஒரு தறித் தொழிலாளியின் மகள் அப்படித் தங்கித்தான் படித்தாள். அறைகளும் சாப்பாடும் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது அவசியம்.

டியூஷன்

டியூஷனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சிமெண்ட் அட்டைக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து, பள்ளியில் இன்று நடந்த பாடத்தையே மறுபடி நடத்தும் டியூஷனால், விட்டுப்போன பழைய பாடம் உள்ள பிள்ளைக்குப் பயன் மிகக் குறைவு. புரியாததை இரண்டாம் முறை கேட்டாலும் அது புரியாததாகவே இருக்கும். அதற்குள் மாலை ஐந்து முதல் எட்டு வரையான நேரமும் போய்விடும், தானாக உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஐந்து பாடத்துக்கும் டியூஷன் போகும் பிள்ளை எந்தப் பாடத்தையும் தனியாகப் படிப்பதில்லை என்பதை நான் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரே பாடத்துக்கு, சில மாதங்களுக்கு மட்டும், எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு மிகாத இடத்தில் சேர்ப்பதானால் டியூஷன் நல்ல வழி. சேர்ப்பதற்கு முன் ஆசிரியரிடம் பிள்ளையின் விடைத்தாளை நீட்டி, "இதை எங்கிருந்து தொடங்குவீங்க?" என்று கேட்க வேண்டும். விடைத்தாளை வாங்கிப் புரட்டிப் பார்ப்பவரிடம் நம்பி விடலாம். வகுப்பு நேரத்தையும் கட்டணத்தையும் மட்டும் சொல்பவரிடம் விட வேண்டாம். பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியரே தம் மாணவருக்குப் பணம் வாங்கி டியூஷன் எடுப்பதை 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. அதே ஆசிரியரிடம் பள்ளி விட்ட பின் அரை மணி நேரம் நின்று சந்தேகம் கேட்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை, கேட்டால் மறுப்பவரும் அரிது.

வீட்டுப் படிப்பு

மூன்று வழிகளிலும் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இதுதான். "வீட்டிலதான் படிக்கவே மாட்டேங்கறானே" என்பதே எல்லாப் பெற்றோரின் பதிலும். பிள்ளை வீட்டில் படிக்கும் முறையைக் கவனித்தால், புத்தகத்தை விரித்துவைத்து, வரிகளுக்கு அடியில் கோடு போட்டு, அதையே மறுபடி மறுபடி வாய்விட்டு வாசிப்பதாக இருக்கும். பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, கோடு போடுவதையும் திரும்ப வாசிப்பதையும் பயன் குறைந்தவை என்று கீழே வைத்தது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும், ஒரே நாளில் அடைக்காமல் நாட்களை விட்டுவிட்டுப் படிப்பதையும் மேலே வைத்தது. மறதி முதல் சில நாட்களில்தான் வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885லேயே தம்மைத் தாமே சோதித்து எழுதிவிட்டார். ஆகவே இன்று படித்ததை நாளை ஒரு முறை, மூன்று நான்கு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால், விடுதிப் பள்ளியின் முதன்மையான பலம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது.

தோட்டக்காரரின் மகனுக்கு நான் வகுத்துக்கொடுத்தது எளிய ஏற்பாடு. பால் கறவை முடிந்த பின் மாலையில் நாற்பது நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் குறை எண் கணக்குகள். மீதி இருபத்தைந்து நிமிடம், அறிவியலிலோ சமூக அறிவியலிலோ ஒரு பாடத்தின் பின்பக்க வினாக்களைப் புத்தகம் பாராமல் எழுதி, பிறகு திறந்து, தவறியதைச் சிவப்புப் பேனாவில் திருத்துவது. தவறியவற்றுக்கென்று தனியாக ஒரு நோட்டு. வாரம் இரண்டு நாள் வடிவியலும் வரைபடமும். அவை இரண்டும் சேர்ந்து 16 மதிப்பெண், கைப்பழக்கத்தால் வருபவை. பாடப்புத்தகத்திலுள்ள விரைவுக் குறியீட்டில் (QR) வரும் காணொளிகளைப் பார்க்கக் கைப்பேசி தேவைப்பட்டால் அப்பாவின் கைப்பேசியில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கறவைக்குப் பின் எத்தனை மணிக்கு உட்காருவது, எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதை மட்டும் அவனையே முடிவு செய்யச் சொன்னேன். அவன் சமூக அறிவியலில் தொடங்கினான். கணிதத்தை முதலில் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வந்தது; அடக்கிக்கொண்டேன்.

அவன் அம்மா நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "எனக்கென்னங்க தெரியும், நானெங்க சொல்லிக்குடுக்கறது?" என்றார். சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அவன் எழுதியதை அவனையே உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள், புரியாத இடத்தில் "அதெப்படிக் கண்ணு?" என்று கேளுங்கள் என்றேன். புரிந்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் எங்கே தடுமாறுகிறோம் என்பது தனக்கே தெரிகிறது. மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டே அவர் கேட்ட கேள்விகள், சில நேரம் என் கேள்விகளைவிட நன்றாக இருந்தன.

ஊக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் பகுதிக்கே உரியது. "படிக்காட்டி பனியன் கம்பெனிக்குத்தான் போகோணும்" என்று பிள்ளையைப் பயமுறுத்துவது இங்கே பரவலான வழக்கம். திருப்பூரிலும் பெருந்துறையிலும் கரூரிலும் வேலைக்குப் போன அண்ணன் நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஊருக்கு வரும்போது சொந்தப் பைக்கில், கையில் பணத்தோடு வருகிறான். அதைப் பார்க்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு இந்தப் பயமுறுத்தல் ஆசையாகவே போய்ச் சேர்கிறது. தொழிலை இழிவாகச் சொல்வது அந்தத் தொழிலால் வாழும் குடும்பத்துக்கும் நியாயமில்லை. அதற்குப் பதிலாக அந்தத் தொழிலின் உள்ளேயே படிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டலாம். சாயப்பட்டறையில் சாயத்தின் அளவு துணியின் எடையில் இத்தனை விழுக்காடு என்றுதான் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கைப் போடுபவருக்கும் மூட்டையைத் தூக்குபவருக்கும் சம்பளம் வேறு. பத்தாம் வகுப்பு முடித்தவர் மூன்று ஆண்டில் பாலிடெக்னிக் பட்டயம் பெறலாம். திருப்பூரில் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. கோவையிலும் குமாரபாளையத்திலும் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கலாம். இந்தப் பையனின் சித்தப்பா ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சாய விழுக்காட்டுக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினார். நான் இரண்டு வாரம் பேசியதைவிட அது நன்றாக வேலை செய்தது.

அத்தை மகனோடும் அடுத்த தோட்டத்துப் பெண்ணோடும் ஒப்பிட்டுப் பேசுவதை நிறுத்துவது பெற்றோரால் செய்யக்கூடிய உதவிகளில் செலவே இல்லாதது. ஒரம்பரை (உறவினர்) வீட்டு விசேஷங்களில் எல்லோர் முன்னிலையிலும் மதிப்பெண் கேட்கப்படும்போது, பிள்ளைக்கு முன் நீங்கள் பதில் சொல்லி அந்தப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

எதை முதலில் செய்வது

தோட்டக்காரருக்கு நான் சொன்ன வரிசை இது. முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் வரும்வரை வீட்டுப் படிப்பு. நடுவில் வரும் தேர்வுகளின் விடைத்தாள்களை, முன்பு எண்ணியது போலவே எண்ணிப் பார்ப்பது. இழப்பு குறைந்துகொண்டு வந்தால் பள்ளியை மாற்ற வேண்டாம். மற்ற பாடங்கள் ஏறிக் கணிதம் மட்டும் நின்றுவிட்டால், கணிதத்துக்கு மட்டும் கோடையில் இரண்டு மாத டியூஷன். தினமும் உட்கார்ந்தும் எந்தப் பாடமும் அசையவில்லை என்றால், கண்பார்வை, காது, எழுத்துகளை வாசிப்பதிலேயே உள்ள இடர்ப்பாடு, பள்ளியில் நடக்கும் ஏதேனும் கொடுமை ஆகியவற்றை முதலில் விசாரிக்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகை தெரியாமலே ஓராண்டைக் கழித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விடுதியைப் பற்றிய பேச்சு இவை எல்லாவற்றுக்கும் பிறகு, பையனும் சம்மதித்தால் மட்டும்.

அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வருசம் வீணாப் போயிருமோன்னு பயமா இருக்குதுங்க" என்றார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் மகனைக் கொண்டுபோய் விட்டபோது எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் நடந்த திருப்புதல் தேர்வில் பையன் கணிதத்தில் 43 வாங்கினான். வரைபடம் 7, வடிவியல் 7. ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து வினாக்களைத் தொட்டிருந்தான். விடைத்தாளை என்னிடம் கொடுக்கும்போதே, எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தான். கூட்டல் ஓரிடத்தில் தவறியிருந்ததை அவனே கண்டுபிடித்து அடித்துத் திருத்தியிருந்தான். அவன் அப்பா கணிதத்துக்கு மட்டும் சித்திரையில் டியூஷன் சேர்ப்பதற்குக் கோபியில் ஓரிடம் விசாரித்து வந்திருந்தார். அங்கே பதினொரு பிள்ளைகள் படிக்கிறார்களாம். "விடைத்தாளைக் காட்டுனனுங்க சார், வாங்கிப் பார்த்தாருங்க" என்றார்.